வைட்டமின் சி சீரம் டிகாஷன் நிறமாகிவிட்டது, இன்னும் போடலாமா?

மதுரைக்காரி:
பரு போன இடமெல்லாம் கரும்புள்ளியாக நிற்கிறதே என்று பிப்ரவரியில் 15% வைட்டமின் சி சீரம் வாங்கினேன். முதல் மாதம் தண்ணீர் மாதிரி இருந்தது, போட்டால் லேசாகச் சுருக்கென்றது, அவ்வளவுதான். பாட்டில் பாத்ரூம் பலகையிலேயே கிடந்தது, சித்திரை வெயிலுக்கு இப்போது டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. மூக்கோரம் எரிகிறது, கழுத்தில் ஆரஞ்சாக ஒரு கறை, தலையணை உறையிலும் திட்டுத்திட்டாக. மஞ்சள் பூசினாயா என்று அம்மா கேட்கிறார். 600 ரூபாய், பாதிகூடத் தீரவில்லை, கொட்ட மனசு வரவில்லை. காலையில் முகம் கழுவிய ஈரத்தோடு இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறேன், இரவில் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு. எங்கே தப்பு?

மருந்துக்கடை அண்ணன்:
கொட்டிவிடுங்கள் தங்கச்சி. அஸ்கார்பிக் அமிலத்துக்கு, அதாவது வைட்டமின் சிக்கு, காற்று, வெளிச்சம், சூடு மூன்றுமே ஆகாது, உங்கள் பாத்ரூமில் மூன்றும் இருக்கிறது. அது சிதையும்போது எரித்ருலோஸ் என்ற சர்க்கரை உண்டாகும். வெயில் படாமலே தோலைப் பழுப்பாக்கும் கிரீம்களில் போடுவதும் இதைத்தான், கழுத்துக் கறைக்கு அதுதான் காரணம், மேல்தோல் உதிர உதிரப் போய்விடும். எரிச்சல் தனிக் கதை. இந்த அமிலம் தோலுக்குள் இறங்க சீரத்தின் பிஹெச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும், அதனால் புதுப் பாட்டிலே கொஞ்சம் கடிக்கும், ஈர முகத்தில் இன்னும் கடிக்கும். எரிச்சல் அடங்கும்வரை எதுவும் போடாதீர்கள். அடுத்த தடவை 10% போதும், சின்னப் பாட்டில், அதுவும் காற்றுப் புகாத பம்ப் வைத்தது, ஃப்ரிட்ஜில் வையுங்கள். 20%க்கு மேல் போனால் கூடுதலாக ஒன்றும் உள்ளே இறங்காது, எரிச்சல்தான் கூடும்.

நாட்டுமருந்து:
இவ்வளவு செலவு எதற்கு, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் முடிந்தது.

மருந்துக்கடை அண்ணன்:
ஐயா, 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி ஏறக்குறைய 50 மில்லிகிராம். 15% சீரத்தில் அதே அளவுக்கு 15,000. சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து அந்த இடமே கறுத்துப்போகலாம், தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

சேலத்து அக்கா:
ஒன்றை விட்டுவிட்டீர்களே, சீரம் போட்டு நேராக பஸ்ஸுக்கு என்றால் சன்ஸ்கிரீன் எங்கேம்மா? அது இல்லாமல் கரும்புள்ளிக்கு எதைப் போட்டும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். நம் நிறத்துக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கறுக்க வைக்கும், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் கிடைத்தால் நல்லது. எரிச்சல் தாங்காத தோலுக்கு சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் மாதிரி வேறு வைட்டமின் சி வகைகளும் உண்டு, வேகம் குறைவு, ஆனால் சாது, சீக்கிரம் கெடாது. அப்புறம், தலையணை உறை என்ன நிறம்? காலையில் போட்ட சீரம் ராத்திரிவரை நின்று கறையாக்குமா என்று எனக்குச் சந்தேகம். பென்சாயில் பெராக்சைடு சாயத்துணியை வெளுத்துவிடும்.

மதுரைக்காரி:
அக்கா, உறை கருநீலம்! துவைத்துப் பார்த்தேன், போகவில்லை, கறையே இல்லை அது, சாயம் போயிருக்கிறது. சீரத்தைக் கொட்டிவிட்டேன். சன்ஸ்கிரீன் வியர்வையில் கண்ணுக்குள் வழிகிறது என்றுதான் விட்டேன், பஸ் கூட்டத்தில் நின்றாலும் வழியாத ஜெல் வகை யாராவது போடுகிறீர்களா?