நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டியும் நாத்தனார் போட்ட கையெழுத்தும்

தாமிரபரணிக்கரை (திரியைத் தொடங்கியவர்)

"என்னை அறிய, பிறரை அறிய, கடவுளை அறிய கிறிஸ்தவ விசுவாசம் எனக்கு உதவியிருக்கிறது" என்று போன வாரம் வேறொரு திரியில் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். எப்படி என்று மூன்று பேர் கேட்டீர்கள். பொதுவாகப் பேசினால் பிரசங்கமாகிவிடும், நடந்ததைச் சொல்கிறேன்.

லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் பைபிளின் 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் படித்தோம். தெரியாதவர்களுக்காக: தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளைச் சேர்த்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்துவிடுகிறான். நாத்தான் என்கிற தீர்க்கதரிசி வந்து, யாரோ ஒருவருடைய வழக்கைச் சொல்வதுபோல ஒரு கதை சொல்கிறார். ஏகப்பட்ட ஆடுமாடு வைத்திருந்த ஒரு பணக்காரன். ஒரே ஒரு பெண்ணாட்டுக்குட்டி வைத்திருந்த ஓர் ஏழை. பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்ததும், தன் மந்தையில் கைவைக்க மனசு வராமல் ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது. அவன் சாக வேண்டும், குட்டிக்கு நாலத்தனை திரும்பக் கொடுக்க வேண்டும் என்கிறான். "நீயே அந்த மனுஷன்" என்கிறார் நாத்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் அழுதார். அண்ணன்மார் இருவரும் அவரிடம், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், அப்பா வீட்டில் அவருக்குச் செங்கல்கூடக் கிடையாது. "இவங்கல்லாம் மனுஷங்களா?" என்று நான்தான் உரக்கக் கத்தினேன்.

ஐக்கியத்தில் அந்த வசனத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. வாசித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. 2009-இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் என் கணவரின் தங்கை அதே மாதிரி ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் குழந்தையை அப்போது இடுப்பில் வைத்திருந்தது நான். ஒரு பட்டுப்புடவை, மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. அந்த வீட்டில்தான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

இருபது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவள் நான். அதே கதையைப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் கதை என்று தெரிந்தது. அந்த டீச்சரின் அண்ணன்மார் வேறு ஜாதி மிருகம் இல்லை, என்னைப் போன்றவர்கள்தான் என்பதும் கூடவே தெரிந்தது. ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக்காக ராஜாவின் அரண்மனைக்கே ஆளனுப்பும் கடவுளை, இத்தனை வருஷம் பாட்டுப் பாடியும் நான் சரியாகக் கவனித்ததில்லை.

---

முன்னாள் பீடச்சிறுவன்

அக்கா, நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மரியாதை. ஆனால் இது விசுவாசத்துக்குச் சாதகமான சாட்சியா? 2009-இலும் நீங்கள் விசுவாசிதானே? அன்று காலை குடும்ப ஜெபம் செய்துவிட்டுத்தானே பதிவு அலுவலகத்துக்குப் போயிருப்பீர்கள்?

என் அனுபவத்தையும் வைக்கிறேன். ஒன்பது வயதில் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கிறேன், சொல்வதற்கு ஒரு பாவமும் நினைவுக்கு வரவில்லை. முன்னால் நின்றவனைக் கேட்டேன். "தம்பியை அடிச்சேன்னு சொல்லுடா" என்றான். போய் "தம்பியை ரெண்டு தடவை அடிச்சேன் சாமி" என்றேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். எனக்குத் தம்பியே கிடையாது. என்னைப் பற்றி ஒரு பாவியின் கதை எதிர்பார்க்கப்படுகிறது, அதைத் தயார்செய்து கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அன்று புரிந்துகொண்டேன். இதற்குப் பெயர் தன்னை அறிதலா?

இன்னொன்று. 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. அந்தப் பங்கை உங்கள் நாத்தனாருக்குக் கொடுத்தது சட்டம். பட்டுப்புடவையைக் காட்டி வாங்கிக்கொண்டது விசுவாசக் குடும்பம். கேரளத்தில் பாருங்கள். திருவிதாங்கூரின் 1916 சட்டப்படி சிரியன் கிறிஸ்தவப் பெண்ணுக்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் அதை உடைத்தார். எத்தனை தலைமுறையாய்க் கோயிலில் இந்த நாத்தான் கதை வாசிக்கப்பட்டிருக்கும்! பெண்களுக்குப் பங்கு வந்தது கோர்ட்டிலிருந்து.

கடைசியாக ஒரு கேள்வி. பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? தாவீதே நாலத்தனை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்.

---

ஜெபவீரன்

சகோதரி, இப்படிப்பட்டவர்களோடு தர்க்கம் வேண்டாம். ஜெபத்தில் தரித்திருங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

---

முன்னாள் பீடச்சிறுவன்

பத்திரப்பதிவையுமா?

---

குறள்வழி

அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் சைவன், விவிலியம் அதிகம் தெரியாது. தாங்கள் சொன்ன கதை அருமை. ஆனால் அதில் தனித்த கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது? "ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு" என்று வள்ளுவர் புறங்கூறாமையில் முடித்துவிட்டாரே. அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோலத் தன் குற்றத்தைப் பார். நாத்தான் செய்ததும் அதுதான். உங்கள் ஏசுநாதர் சொன்ன துரும்பும் உத்திரமும்கூட இதேதான். தன்னறிவுக்கு ஒரு மதம் எதற்கு? ஒன்றேமுக்கால் அடி போதாதா?

---

தாமிரபரணிக்கரை

குறள்வழி ஐயா, நான் தமிழ் டீச்சர், இந்தக் குறளை வருஷா வருஷம் நடத்துகிறேன். அதில் என்னை உறுத்துவது ஒரே ஒரு சொல்: காண்கிற்பின். வள்ளுவர் "காணின்" என்று நிறுத்தியிருக்கலாம். அந்தக் "கில்" ஆற்றலைக் குறிப்பது. காண முடிந்தால், காண வல்லவரானால் என்று பொருள். முடியுமா என்பதை அவர் நம்மிடமே விட்டுவிட்டார். அந்தச் சந்தேகத்துக்குள்தான் நான் இருபது வருஷம் குடியிருந்தேன்.

கிறிஸ்தவம் அந்த இடத்தில் வேறொன்று சொல்கிறது என்று நினைக்கிறேன். தாவீதால் தானாகக் காண முடியவில்லை. உரியா செத்து, பத்சேபாளுக்குப் பிள்ளையும் பிறந்தாயிற்று. அவ்வளவு காலமும் ராஜா நிம்மதியாகத்தான் இருந்தான். தனியாக உட்கார்ந்து தன்னை ஆராய்ந்து அவன் கண்டுபிடிக்கவில்லை. வெளியிலிருந்து ஒருத்தர் வர வேண்டியிருந்தது. பவுல் ரோமர் 7-இல், விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று புலம்புகிறாரே, அதே திணறல்தான். என் கண்ணை நானே நம்ப முடியாது என்பதுதான் என் விசுவாசம் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். நாத்தான் கண்டித்ததும் தாவீது பாவஞ்செய்தேன் என்கிறான், உடனே நாத்தான், கர்த்தர் உன் பாவத்தை நீங்கச்செய்தார் என்றும் சொல்கிறார். மன்னிப்பு கிடைக்கும் என்று தெரியாதவரை யாருக்குத் தன் குற்றத்தை முழுசாகப் பார்க்கத் தைரியம் வரும்? எனக்கு வராது.

தம்பி, உங்கள் பாவசங்கீர்த்தனக் கதையைப் படித்துச் சிரித்தேன், பிறகு வருத்தமாக இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பட்டியல் கேட்டது தப்புத்தான். கத்தோலிக்கத்திலேயே லொயோலா இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்மசோதனை முதலில் நன்றி சொல்வதில்தான் தொடங்குகிறது, பாவக்கணக்கில் அல்ல. அதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பங்கு விஷயம் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

முன்னாள் பீடச்சிறுவன்

"பேசிக்கொண்டிருக்கிறோம்." அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கிறது அக்கா.

மன்னிப்பு உறுதி என்பதால் தைரியமாகப் பார்க்க முடிகிறது என்கிறீர்கள். நான் பார்த்தவரை, மன்னிப்பு உறுதி என்பதால் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசரம் போய்விடுகிறது. கடவுளோடு கணக்கு முடிந்துவிட்டது, நாத்தனாரோடு அப்புறம்.

---

கீழத்தெரு

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறது.

நல்ல சமாரியன் கதையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் ஒருவன் தூக்கி எடுத்துப் பார்த்துக்கொண்டான். கதையை முடித்து இயேசு, இந்த மூன்று பேரில் யார் அவனுக்குப் பிறனாயிருந்தான் என்று கேட்கிறார். எனக்குப் பிறன் யார் என்று முதலில் கேட்டிருந்த நியாயசாஸ்திரி (வேதச்சட்டம் படித்தவன்) என்ன சொன்னான்? "சமாரியன்" என்று சொல்லவில்லை. "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்கிறான். பாராட்டும்போதுகூட அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை. எங்களை "அந்தத் தெருக்காரங்க" என்று சொல்லும் சபையில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது. எந்தப் பிரசங்கியாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

திருநெல்வேலிக்காரர்களுக்கு வடக்கன்குளம் தெரியும். அங்கே கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்துப் பிரிக்கத் தடுப்பு இருந்தது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவில் தடுப்பு. 1910-இல் பங்குச்சாமியார் கௌசானல் அதை எடுத்தபோது, எங்கள் உரிமை போயிற்று என்று ஒரு சாரார் உயர் நீதிமன்றம் வரை வழக்காடினார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா, அங்கே நாத்தான் வந்துவிட்டார். "நீயே அந்த மனுஷன்" என்றும் சொல்லியாயிற்று. தாவீது அழவில்லை, வக்கீல் வைத்தான்.

சீர்திருத்த சபையில் மட்டும் என்ன வாழ்ந்தது? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். அவர் கீர்த்தனைகளைப் பாடும்போது என் அம்மா கண்ணில் தண்ணீர் வரும். அதே சாஸ்திரியார், கோயிலில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை எடுக்கக் கூடாது என்று மிஷனரிகளோடு சண்டை போட்டார். 1833-இல் கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணை போட்டதும் தஞ்சாவூரில் எத்தனை பேர் சபையை விட்டே விலகினார்கள்! பாவத்தைப் பற்றி அவரைப்போல் உருகிப் பாடியவர் குறைவு. பக்கத்தில் யார் உட்காரலாம் என்பது மட்டும் அந்தப் பாவக்கணக்கில் ஏறவே இல்லை.

இன்னொன்று அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாத்தான் சொன்ன கதையில் பத்சேபாள் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி பேசாது. உங்கள் பதிவிலும் நாத்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்குத் தெரிந்தது, கடவுளுக்குத் தெரிந்தது, எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவங்களுக்குத் தெரியுமா?

---

முன்னாள் பீடச்சிறுவன்

கீழத்தெரு அண்ணன் சொன்னதோடு திரியை மூடிவிடலாம். இத்தனை தலைமுறைப் பிரசங்கத்தால் ஒரு தடுப்பை எடுக்க முடியவில்லை, எடுத்தவரைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். விசுவாசம் கண்ணைத் திறக்கிறது என்பதற்கு இதைவிட என்ன மறுப்பு வேண்டும்?

---

கீழத்தெரு

தம்பி, என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி உங்கள் வழக்கை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். நான் இந்த ஞாயிறும் கோயிலுக்குப் போனவன்.

அதுவும் சும்மா போகவில்லை. 1950-ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்தக் கதவு திறந்தது, தலித் கிறிஸ்தவர்களான எங்களுக்கு இன்றுவரை இல்லை. என் அப்பா சர்டிபிகேட்டில் ஒன்றும் சபையில் ஒன்றுமாக வாழ மாட்டேன் என்றார். கிடைத்திருக்கக்கூடிய வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆக, காசு கொடுத்து வாங்கிய விசுவாசம் இது.

ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். அந்தத் தடுப்பு பாவம் என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அதே புத்தகம்தான். தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று 1 யோவானில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் எங்கள் சபையில் கல்லறைத் தோட்டத்துத் தகராறில் கமிட்டிக்காரர்களிடம் பேசினேன். அவர்களும் அதே வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் என்பதால்தான் பதில் சொல்ல முடியாமல் எழுந்து போனார்கள். வேறு எந்த மொழியில் பேசியிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

கண்ணைத் திறக்கும் என்று உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். மூடிக்கொண்டிருப்பவனுக்குச் சங்கடம் கொடுக்கும். என்னைப் பொறுத்தவரை அது சின்ன விஷயம் இல்லை.

---

குறள்வழி

"காண்கிற்பின்" பற்றி அம்மா சொன்னதை உரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கில் பற்றிய விளக்கம் சரிதான். ஆனால் நண்பர் சொன்ன வழக்குக்காரர்களைப் பார்த்தால், வெளியிலிருந்து ஆள் வந்தாலும் காணும் ஆற்றல் உள்ளிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அங்கே வள்ளுவரும் நீங்களும் ஒரே படியில்தான் நிற்கிறீர்கள் என்பது என் எண்ணம்.

---

தாமிரபரணிக்கரை

ஐயா, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எல்லாமே கிருபை என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். ஏன் சிலருக்கு மட்டும் என்று கேட்டால் முழிப்பேன்.

தம்பி கேட்ட கேள்விக்கு நேரான பதில்: இல்லை, திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன். "அவளே கேக்கல, நீ எதுக்குக் கிளப்புற?" என்றார். அத்தோடு நானும் விட்டுவிட்டேன். அதற்குத்தான் இங்கே "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதினேன். மன்னிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது தைத்தது. அந்த ஐக்கியக் கூட்டத்தில் அழுது முடித்ததும் எனக்குப் பாரம் இறங்கினது போலிருந்தது நிஜம். இறங்கியது என் பாரம்தான். அவள் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள்.

கீழத்தெரு அண்ணன் எழுதியதை இரண்டு நாள் மனசில் வைத்துக்கொண்டு, இன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் செய்தேன். ஆட்டுக்குட்டிக் கதையெல்லாம் சொல்லவில்லை. 2009-இல் நாங்கள் உன்னிடம் கையெழுத்து வாங்கினது தப்பு, உன் பங்கைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"பேனா எழுதல, ஞாபகம் இருக்கா மைனி?" என்றாள். "நீங்கதான் பையில இருந்து வேற பேனா எடுத்துக் குடுத்தீங்க."

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை.

பிறகு, "அண்ணனுக்குத் தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை நான் அங்க வாரேன்" என்று வைத்துவிட்டாள்.