லேட்டிட்யூட் 7280-க்கு எந்த ஓஎஸ்? டேலியும் ஓடணும், பேட்டரியும் நிக்கணும்

தேரடி_ஸ்டாப்:

எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்ட் டெல் லேட்டிட்யூட் 7280 ஒண்ணு இருக்கு. ஐ5-7300யூ, 8 ஜிபி ராம், 256 ஜிபி என்விஎம்இ, 12.5 இஞ்ச் ஃபுல் எச்டி திரை. கடையில விண்டோஸ் 10 ப்ரோ போட்டுத் தந்திருக்காங்க.

முக்கியமான வேலை தமிழ்ப் புத்தக மெய்ப்பு. மண்ணடி, ராயபுரம் அச்சகங்கள்ல இருந்து வர்ற ஃபைல்ல பாதி யூனிகோட், மீதி பாமினி, வானவில் எழுத்துரு. எப்பவாவது பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் ஃபைலும் ஒண்ணு வரும். மாசத்துல ரெண்டு நாள் டேலி ப்ரைம்ல கணக்கு வேலை. மத்தபடி பிரவுசரும் மெயிலும்தான். தினமும் திருவொற்றியூர் தேரடியில இருந்து கிண்டி வரைக்கும் மெட்ரோவுல மடியில வெச்சுத்தான் வேலை, அதனால சூடாகக் கூடாது, சார்ஜும் நிக்கணும்.

விண்டோஸ் 11 போடலாமா, லினக்ஸ் மின்ட் போடலாமா, ரெண்டும் சேர்த்தா? இன்ஸ்டால் பண்றப்ப எங்கே மாட்டுவோம்னு முன்னாடியே சொல்லிட்டா புண்ணியமா போகும்.


ராயபுரம்_ரூட்:

முதல்ல விண்டோஸ் 11 பேச்சை முடிச்சிடலாம் தலைவரே. உங்க மிஷின்ல அது கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்பு சிப் இருக்கு, செக்யூர் பூட் இருக்கு, ஆனா ப்ராசஸர் 7-வது தலைமுறை. மைக்ரோசாஃப்ட் பட்டியல் இன்டெல்ல 8-வது தலைமுறையிலதான் ஆரம்பிக்குது, விதிவிலக்கு ஒண்ணு ரெண்டுதான், 7300யூ அதுல இல்ல. பென் டிரைவுல எழுதுற ரூஃபஸ் மென்பொருள்ல சோதனையைத் தாண்டுற டிக் போட்டு ஏத்தலாம், ஓடவும் ஓடும். ஆனா வருஷாந்திர பெரிய அப்டேட் தானா வராது, ஒவ்வொரு தடவையும் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி அதே சுத்து. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட கதவு சாத்தியாச்சு. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல பதிஞ்சா பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும்.

உங்களுக்கு விண்டோஸ் வேண்டியது டேலிக்கும் பேஜ்மேக்கருக்கும் மட்டும். அதனால என் யோசனை: விண்டோஸ் 10-ஐ சுருக்கி ஒரு மூலையில உட்கார வையுங்க, தினசரி வேலைக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசை, சினமன் பதிப்பு. 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் உண்டு. 8 ஜிபி ராம் தாராளம். 4 ஜிபியா இருந்திருந்தா எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைச் சொல்லியிருப்பேன்.

டிஸ்க்குல கை வைக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம். ஆன் பண்றப்ப எஃப்2 அழுத்தி பயாஸுக்குள்ள (ஓஎஸ்ஸுக்கு முந்தின அமைப்புத் திரை) போங்க. அட்மின் பாஸ்வேர்ட் கேட்டா நேரா வித்த கடைக்கே திரும்புங்க, அதை நீங்களா எடுக்க முடியாது. ரெண்டாவது, விண்டோஸை ரீசெட் பண்ணா ஏதாவது கம்பெனி பேரைப் போட்டு லாகின் கேட்குதான்னு பாருங்க. கேட்டா பழைய கம்பெனி தன் பதிவுல இருந்து அந்த மிஷினை விடுவிக்கலன்னு அர்த்தம். லினக்ஸுக்கு அது தடையில்ல, ஆனா உங்களுக்கு விண்டோஸும் வேணுமே. மூணாவது பேட்டரி. மூடி வெச்சு தரைமட்டத்துல கண்ணு வெச்சுப் பாருங்க. டச்பேட் ஓரம் தூக்கியிருந்தாலோ, கிளிக் கல்லு மாதிரி இருந்தாலோ உள்ள பேட்டரி உப்பியிருக்கு. ஓஎஸ் அப்புறம், முதல்ல பேட்டரியை மாத்துங்க.

இப்ப விண்டோஸ் பக்கத்து வேலை. டிஸ்க்கைப் பூட்டி வெக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா 48 இலக்க ரெகவரி கீயைத் தாள்ல எழுதி வெச்சுக்கிட்டு, பிட்லாக்கரையே ஆஃப் பண்ணிடுங்க. சுருக்கவும் பங்கு போடவும் அதுதான் வம்பில்லாத வழி. அடுத்து, அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் எச், இடைவெளி, ஆஃப்னு அடிங்க. இதுல ஹைபர்னேஷனும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் ஒரே அடியில போகும், சில ஜிபி இடமும் திரும்பி வரும். இதை விட்டுட்டா விண்டோஸ் ஷட் டவுன் ஆன மாதிரி பாவ்லா காட்டி பாதித் தூக்கத்துல இருக்கும். மின்ட்ல இருந்து அந்த டிரைவைத் திறந்தா படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது.

அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட், சி டிரைவ் மேல ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். எம்பி கணக்குல கேட்கும், 133120 போட்டா சரியா 130 ஜிபி. அவ்வளவு தர மாட்டேன்னு அடம்பிடிச்சா நடுவுல நகராத ஃபைல் உட்கார்ந்திருக்கும். பேஜ் ஃபைலைத் தற்காலிகமா ஆஃப் பண்ணி, சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்தி, ரீஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி கேளுங்க. கிடைச்ச காலி இடத்தை அப்படியே விட்டுடுங்க, அதுல பார்ட்டிஷன் போட வேணாம்.

8 ஜிபி பென் டிரைவ் போதும். இறக்கின ஐஎஸ்ஓவோட எஸ்எச்ஏ256 கூட்டெண்ணைத் தளத்துல இருக்கிறதோட ஒப்பிடுங்க. மொபைல் டேட்டாவுல இறக்கினா கண்டிப்பா. பாதி அறுந்த ஐஎஸ்ஓ இன்ஸ்டால் நடுவுலதான் பல்லைக் காட்டும். ரூஃபஸ்ல ஜிபிடி, யூஇஎஃப்ஐ. ஐஎஸ்ஓவை பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டா பூட் ஆகாது, எழுதத்தான் வேணும். எஃப்12, பென் டிரைவ், அவ்வளவுதான்.

நேரா இன்ஸ்டால் ஐகானைத் தொடாதீங்க. லைவ்ல, அதாவது பென் டிரைவுல இருந்தே, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க: வைஃபை, சத்தம், கேமரா, மூடித் திறந்தா எழுந்திருக்குதா. டெல்லோட கைரேகை ரீடரை மட்டும் கணக்குல வெச்சுக்காதீங்க, அதுல பல மாடல் லினக்ஸ்ல பேசவே பேசாது.


கருப்புத்திரை:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலும் சரி. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-ஐ இணையத்தோடு விட்டுவைக்க வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். மாதத்தில் இரண்டு நாள் டேலி என்றால், அலுவலகத்தில் டேலி இருக்கும் கணினியை ரிமோட்டில் பிடித்து வேலை பார்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். மின்ட்டில் ரெமினா என்ற மென்பொருளே போதும். முடியாது என்றால் மட்டும் இரட்டை பூட். மின்ட்டுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் வேண்டாம்: 8 ஜிபியில் 4 ஜிபியை விண்டோஸுக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் மூச்சுத் திணறும். இந்த மாடலில் ராம் ஸ்லாட் ஒன்றுதான், கூட்ட வேண்டுமென்றால் இருப்பதைக் கழற்றிவிட்டு 16 ஜிபி டிடிஆர்4 போட வேண்டும்.

கம்பெனி கணக்குகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்று) டோக்கனில் கையெழுத்து போடும் வேலை இருந்தால் மட்டும் விண்டோஸைத் தொடவே தொடாதீர்கள். தனிநபர் கடைகளுக்கு ஓடிபி போதும், அதற்கு எந்த பிரவுசரும் ஆகும்.

தமிழ் விஷயம். மின்ட்டில் இன்புட் மெத்தட் என்ற அமைப்பைத் திறந்து, தமிழைத் தேர்ந்து, அங்கே காட்டும் பொதிகளை நிறுவுங்கள். லாக் அவுட் செய்து திரும்பினால்தான் தமிழ்99 தட்டும். ‘தமிழ்99 வரவே இல்லை’ என்கிற புகார்களில் பாதி இந்த லாக் அவுட்டை விட்டதுதான். பாமினி, வானவில் டிடிஎஃப் கோப்புகளை ஹோம் கோப்புறையில் ஃபான்ட்ஸ் என்ற புள்ளி வைத்த கோப்புறை ஒன்றை உருவாக்கிப் போட்டால் லிப்ரெ ஆஃபிஸ் பிடித்துக்கொள்ளும். ஆனால் பார்க்கத்தான் அது. பாமினியில் ‘அ’ என்பது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து, தேடினால் கிடைக்காது, பிழைதிருத்தியும் திரும்பிப் பார்க்காது. மெய்ப்புக்கு முன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு கொம்புகளை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. மாற்றி மோசமானதாக இருந்தால் ஒற்றைக்கொம்பு முந்தின எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

12.5 இஞ்சில் 1920க்கு 1080 என்றால் ‘ஞ’வும் ‘ணூ’வும் எறும்பாகத்தான் தெரியும். டிஸ்ப்ளே அமைப்பில் 125 சதவீத ஸ்கேலிங் தேட வேண்டாம், கிராஃபிக்ஸுக்கு வேலை கூடி பேட்டரியைத் தின்னும். எழுத்துரு அமைப்பில் டெக்ஸ்ட் ஸ்கேலிங் என்று ஒரு எண் இருக்கிறது, அதை 1.0-லிருந்து 1.25 ஆக்குங்கள்.


தேரடி_ஸ்டாப்:

ரெண்டு பேருக்கும் நன்றி. டிஎஸ்சி வேலை இல்ல. ரிமோட் கேட்டுப் பார்த்தேன், முடியாதாம். அதனால இரட்டை பூட்தான். பிட்லாக்கரை ஆஃப் பண்ணி, 130 ஜிபி சுருக்கி, மின்ட் லைவ் வரைக்கும் வந்தாச்சு. வைஃபை, சத்தம் எல்லாம் ஓகே. ஆனா இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே காட்டல, பென் டிரைவ் மட்டும்தான் தெரியுது. எஸ்எஸ்டி போச்சா? விண்டோஸ் என்னவோ நல்லாவே பூட் ஆகுது.


ராயபுரம்_ரூட்:

எஸ்எஸ்டிக்கு ஒண்ணும் ஆகல. முதல்லயே சொல்லியிருக்கணும், தப்பு என்னுது. பயாஸ்ல சாட்டா ஆப்பரேஷன் ‘ரெய்ட் ஆன்’ல இருக்கும். அந்த நிலையில இன்டெல் கன்ட்ரோலர் என்விஎம்இயைத் தன் முந்தானைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கும். விண்டோஸ்கிட்ட அதுக்கான டிரைவர் இருக்கு, லினக்ஸ்கிட்ட இல்ல. லைவ்ல டெர்மினல் திறந்து சூடோ போட்டு டிஎமெஸ்ஜி அடிச்சுப் பாருங்க. ‘ரீமேப்டு என்விஎம்இ 1 இருக்கு, பயாஸை ரெய்ட்ல இருந்து ஏஎச்சிஐக்கு மாத்து’ங்கிற பொருள்ல ஒரு வரி கிடக்கும். கெர்னலே கைகாட்டி விடுது.

ஆனா இப்பவே போய் மாத்திடாதீங்க, விண்டோஸ் நீலத்திரையில இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்னு விழும். வரிசை இப்படி:

விண்டோஸ்ல எம்எஸ்கான்ஃபிக், பூட் டேப், சேஃப் பூட், மினிமல் டிக். ரீஸ்டார்ட் ஆகுறப்பவே எஃப்2. சிஸ்டம் கான்ஃபிகரேஷன், சாட்டா ஆப்பரேஷன், ஏஎச்சிஐ, அப்ளை. டேட்டா போகலாம்னு பயமுறுத்தும், யெஸ் குடுங்க. உங்களுது ஒத்தை டிஸ்க், நிஜமான ரெய்ட் கிடையாது. விண்டோஸ் இப்ப சேஃப் மோட்ல எழுந்து ஏஎச்சிஐ டிரைவரைத் தானே ஏத்திக்கும். இங்க நாலு இலக்க பின் எடுபடாம போகலாம், அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கணும். உள்ள போய் அந்த டிக்கை எடுத்துட்டு மறுபடி ரீஸ்டார்ட். விண்டோஸ் வழக்கம்போல வந்துட்டா வேலை முடிஞ்சது, அப்புறம் மின்ட் லைவ்.

தப்பித்தவறி நீலத்திரை வந்தா பதற வேணாம். திரும்ப ரெய்ட் ஆன் போட்டா விண்டோஸ் பழையபடி வரும்.

அங்கேயே நிற்கிறப்ப செக்யூர் பூட்டையும் பார்த்துடுங்க. எஸ்பிஏடி, செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்னு சொல்லி பென் டிரைவ் பூட் ஆகாம நின்னா, 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடுத்த வேலை அது. புது ஐஎஸ்ஓ இறக்குங்க, இல்லாட்டி செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடுங்க.


மூலக்கடை_ஜங்ஷன்:

குறுக்கே ஒரு வார்த்தை. பயாஸ் பக்கம் போறீங்கன்னா பயாஸையும் அப்டேட் பண்ணிடலாம், விண்டோஸ் தேவையில்ல. டெல் தளத்துல இருந்து எக்ஸிஇ ஃபைலை எஃப்ஏடி32 பென் டிரைவ்ல போட்டு, எஃப்12 மெனுவுல பயாஸ் ஃப்ளாஷ் அப்டேட். சார்ஜர் சொருகி இருக்கணும், பேட்டரியும் 10 சதவீதத்துக்கு மேல இருக்கணும், இல்லன்னா ஆரம்பிக்கவே விடாது. மழை நாள்ல நம்ம பக்கம் கரண்ட் எப்ப கண்ணடிக்கும்னு தெரியாது, பேட்டரி நல்லா ஏறின பிறகு பண்ணுங்க. செத்த பேட்டரியோட பயாஸ்ல கை வைக்கிறது வேண்டாத வேலை.

முடிச்சதும் சாட்டா ஆப்பரேஷன் இன்னும் ஏஎச்சிஐதானான்னு ஒரு தடவை பாருங்க. பிற்பாடு யாராவது லோட் டிஃபால்ட்ஸ் அழுத்தினாலும் ரெய்டுக்குத் திரும்பிடலாம். அப்ப ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கிற கிரப் மெனு வரும், மின்ட்டைத் தேர்ந்தா கறுப்புத் திரையில இனிட்ராம்எஃப்எஸ்னு நின்னுடும். மின்ட் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மறுபடி ஏத்தாதீங்க.


தேரடி_ஸ்டாப்:

டிஸ்க் வந்துடுச்சு! டிஎமெஸ்ஜி வரியும் நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு. ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’ தேர்ந்து இன்ஸ்டால் முடிஞ்சது. ரெண்டு சின்ன கேள்வி. மின்ட்ல இருந்து விண்டோஸுக்குப் போனா கடிகாரம் காலையில 10 மணியை 4.30-ன்னு காட்டுது. இன்னொண்ணு, பையில போட்டா சார்ஜ் குறையாம இருக்க என்ன பண்ணணும்?


கருப்புத்திரை:

ஐந்தரை மணி நேரம் பின்னால் போவது நம் நாட்டு நேர வித்தியாசமேதான். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மின்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். செட் என்பதற்கு முன்னால் இரண்டு கோடுகள் போட வேண்டாம், வெறும் சொல்லாகவே எழுதுங்கள். எச்சரிக்கை ஒன்று காட்டும், இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் நமக்கு அது பொருந்தாது.

பைக்கு: சிஸ் கோப்புறைக்குள் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பை கேட் போட்டுப் படியுங்கள். ‘டீப்’ என்ற சொல் பகர அடைப்புக்குள் இருந்தால் நல்லது, ராமுக்கு மட்டும்தான் கரண்ட் போகிறது. எஸ்2ஐடில் அடைப்புக்குள் இருந்தால் ப்ராசஸர் அரைத் தூக்கத்தில் இருக்கிறது, தேரடியில் மூடிய லேப்டாப் கிண்டியில் பைக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். பிறகு பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி என்ற பொதியை நிறுவி விடுங்கள், மாற்ற எதுவும் இல்லை. பேட்டரியின் இன்றைய கொள்ளளவையும் ஆலையில் வந்த கொள்ளளவையும் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தில் அருகருகே காட்டும். ஆலை அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்த ஓஎஸ்ஸும் காப்பாற்றாது.


ராயபுரம்_ரூட்:

வீட்டுல எப்பவும் சார்ஜர் சொருகியே வெச்சிருப்பீங்கன்னா, பயாஸ்ல பவர் மேனேஜ்மென்ட்டுக்குள்ள ப்ரைமரி பேட்டரி சார்ஜ் கான்ஃபிகரேஷன் இருக்கும். கஸ்டம் தேர்ந்து, நிறுத்துற அளவை 80 போடுங்க. பயாஸ்ல போடுறதால மின்ட், விண்டோஸ் ரெண்டுக்கும் செல்லும். வெளியூர் போற அன்னைக்கு முந்தின ராத்திரி ஸ்டாண்டர்டுக்கு மாத்திக்கோங்க.