ரோகு விந்தணு ஓட்டம்: ஒரே மீனுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வருகிறது, எங்கே தவறு?

சித்தூர்ப்புழை:
வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ரோகு (கெண்டை இன மீன்) குஞ்சு பொரிப்பு. ஹார்மோன் ஊசி போட்ட ஆண் மீனைப் பிழிந்து, ஒரு சொட்டு விந்தை ஸ்லைடில் வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 400 மடங்கில் பார்க்கிறோம். முதல் தடவை 90 சதம் ஓடுகிறது, அதே மீனுக்கு அடுத்த தடவை 30 கூட இல்லை. நன்றாக ஓடியது என்று எடுத்து வைத்த விந்திலும் பாதி முட்டைதான் கருவுறுகிறது. சாதா மைக்ராஸ்கோப், செல்போன் கேமரா, 10, 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் வைத்து அளக்கும் கருவிக்கு வசதி இல்லை. எப்படி அளந்தால் நம்பலாம்?

ஆழியாற்றங்கரை:
ஒரு சொட்டுக்கு ஒரு சொட்டு என்பதில்தான் கோளாறு. கெண்டை விந்து கெட்டியானது, ஒரு மில்லியில் ஆயிரம் கோடிக்கு மேல் அணு இருக்கும். மீனின் உடலுக்குள் அவை அசையாது. உப்புச்செறிவு குறைந்த தண்ணீர் பட்டதும் கிளம்பி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வேகம் முதல் அரை நிமிடத்திலேயே பாதியாகிவிடும். உங்கள் சொட்டில் ஓரத்தில் இருப்பவை ஓடி முடித்த பிறகுதான் நடுக்கட்டிக்குள் தண்ணீர் போகும். அதனால் எப்போது பார்த்தாலும் எங்கோ ஓர் இடத்தில் ஓட்டம் தெரியும், ஓட்டம் வெகுநேரம் நீடிப்பது போலவும் தோன்றும்.

இரண்டு கட்டமாகக் கரையுங்கள். முதல் கரைசல் அணுவைத் தூங்க வைக்க: லிட்டருக்குப் பொட்டாசியம் குளோரைடு 14.9 கிராம், டிரிஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் பொருள்) 3.6 கிராம், பிஎச் 8. இதில் 490 மைக்ரோலிட்டர் எடுத்து, 10 மைக்ரோலிட்டர் விந்தைச் சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். இரண்டாவது எழுப்ப: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.4, டிரிஸ் 3.6, அதே பிஎச். இதில் லிட்டருக்கு ஒரு கிராம் மாட்டு ஆல்புமின் (மாட்டு ரத்தப் புரதம்) கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அணுவின் தலை கண்ணாடியில் ஒட்டி, வால் மட்டும் துடிக்கும். அதை ஓட்டம் என்று எண்ணிவிடுவீர்கள்.

ஸ்லைடில் இரண்டாவது கரைசல் 19 மைக்ரோலிட்டர் வைத்து ஃபோகஸ் சரி செய்து, செல்போனில் பதிவைத் தொடங்கிவிட்டு, அப்புறம் முதல் கலவையில் 1 மைக்ரோலிட்டர் விட்டு பிப்பெட் முனையாலேயே கலக்குங்கள். 10வது நொடிக் காட்சியை நிறுத்தி, திரையில் 40, 50 அணுக்களைக் குறித்து, அடுத்த ஒரு நொடியில் எத்தனை இடம் மாறின என்று எண்ணுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தால் அது நீரோட்டம், கணக்கில் சேராது. ஒரு மீனுக்கு மூன்று தடவை செய்து சராசரி போடுங்கள். விளக்குச் சூடு ஸ்லைடைக் காய்ச்சினால் ஓட்டம் இன்னும் சீக்கிரம் முடியும், எல்இடி நல்லது.

வாளையார்_வாசி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. எதுவும் கலக்காமல் வெறும் விந்தை மட்டும் ஸ்லைடில் மெல்லியதாகத் தடவிப் பாருங்கள். அசைவே இருக்கக் கூடாது. அசைந்தால் மூத்திரமோ தண்ணீரோ கலந்திருக்கிறது, முட்டைக்குப் போகும் முன்பே அதன் ஆயுள் செலவாகிவிட்டது. பால் போலக் கெட்டியாக இருப்பது சரி. நீர்த்துப்போனாலோ மஞ்சளித்தாலோ தள்ளிவிடுங்கள்.

எண்ணிக்கையும் தெரிய வேண்டும். விந்தை ஆயிரம் மடங்கு கரைத்து (10க்கு 990, அதில் 100க்கு 900) ரத்த அணு எண்ணும் நியூபவர் அறையில் விட்டு, 10 நிமிடம் ஈரத்துணியடியில் படிய விட்டு, 25 கட்டத்தில் 5 கட்டத்தை எண்ணுங்கள். வந்ததை 5 கோடியால் பெருக்கினால் ஒரு மில்லிக்கான கணக்கு. 400 வந்தால் 2000 கோடி.

விந்துகளை ஒன்றாகக் கலந்த பிறகு பார்த்துப் பயனில்லை, மோசமான மீன் ஒளிந்துகொள்ளும்.

சித்தூர்ப்புழை:
நன்றி அண்ணா. வெறும் விந்தை வைத்துப் பார்த்தேன், ஆறில் இரண்டு மீனுக்குத் தண்ணீர் விடாமலே ஓடுகிறது. அந்த இரண்டையும் கழித்துவிடலாமா?

ஆழியாற்றங்கரை:
அவசரப்படாதீங்க தம்பி. பிழிந்த விதத்தில் குறை இருக்கலாம். ஆசனவாய்க்குச் சற்று முன்னால் மெல்ல அமுக்கி மூத்திரத்தை முதலில் வெளியேற்றி, வயிற்றையும் துடுப்புகளையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, முதல் சொட்டை விட்டுவிட்டு அடுத்ததைக் காய்ந்த சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். மீனுக்கு ஒரு சிரிஞ்சு. பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், உள்ளே காற்று இருக்கட்டும். சிரிஞ்சை ஐஸில் வைக்கும்போது ஐஸ் நேராகப் படாமல் நடுவில் துணி வையுங்கள். உருகிய நீர் ஒரு துளி உள்ளே போனாலும் மொத்தமும் வீண். இப்படி எடுத்தும் தானாக ஓடினால் அந்த மீனை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

முட்டையையும் உலர்ந்த பேசினில் எடுங்கள். ஒரு கிலோ முட்டைக்கு 10 மில்லி அளவில், இரண்டு மூன்று ஆணின் விந்தை ஊற்றி இறகால் கலந்த பிறகுதான் தண்ணீர். தண்ணீரில் விந்தைக் கலக்கி முட்டை மேல் ஊற்றுவது பல இடத்தில் நடக்கிறது. நீங்கள் செய்தால் உடனே நிறுத்துங்கள்.