ஓராண்டு முடிந்தது: வன்னியில் உங்களிடம் யாராவது கேட்டார்களா?

கற்சிலைமடு

2025 செப்டெம்பர் 23ஆம் திகதியுடன் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பதவியேற்று ஓராண்டாகிவிட்டது. அதையொட்டிய ஒரு கருத்துக்கணிப்புக்காகப் பத்து நாட்கள் முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கம் வீடு வீடாகத் திரிந்தேன். யாருக்காகச் செய்தேன் என்பது இங்கே வேண்டாம். கேள்விகள் எல்லாம் கையிலிருக்கும் டப்பில் (தொடுதிரைக் கருவியில்) வரிசையாக வரும். ஒன்றுக்கு விடையைத் தொடாமல் அடுத்ததற்குப் போக முடியாது. ஜனாதிபதி தமது பணியைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, இல்லையா என்பதுதான் முதற்கேள்வி.

இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு ஒன்றின் விறாந்தையில் ஓர் அம்மா இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். சுவரில் மகனின் படம் மாலையில்லாமல் தொங்கியது. மாலையில்லாத படம் என்றால் ஆள் காணாமற்போனவர் என்று இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. என் கழுத்திலிருந்த அடையாள அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆருக்குப் போகும் தம்பி?" என்று கேட்டார். பெயர் பதியப்படாது, கொழும்பில் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குத்தான் எடுப்பார்கள் என்று சொன்னேன். "அப்ப எல்லாத்துக்கும் நல்லம் எண்டு போடுங்கோ" என்றார். பதினெட்டுக் கேள்விக்கும் அதே விடை. ஒவ்வொரு விடைக்கும் ஒரு கச்சான் கோது உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, முற்றத்தில் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் படியில் நின்று கேட்டார்: "எழுதி முடிஞ்சுதோ? இனி உண்மையைச் சொல்லட்டே?"

முடிந்த பின் சொல்லப்படுவது தரவில் சேராது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். ஆகவே அந்த வீட்டின் விடை இன்றுவரை 'நல்லம்' என்றுதான் இருக்கிறது. இந்த ஓராண்டைப் பற்றி உங்களிடம் யாராவது கேட்டிருந்தால், நீங்கள் சொன்னது எது, சொல்லாமல் விட்டது எது என்று எழுதுங்கள்.

வட்டுவாகல் காற்று

என்னிடம் கேட்டவர் என் தந்தை. செப்டெம்பர் தொடக்கத்தில் வட்டுவாகல் பாலத்தின் மீள்கட்டுமானத்தைத் தொடக்கிவைக்க ஜனாதிபதி வந்த அன்று அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பழைய பாலத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வாகனம் போனால் எதிரே வருவது அக்கரையில் காத்து நிற்க வேண்டும், மாரியில் நந்திக்கடல் நிரம்பினால் பாலத்துக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு தெரியாது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென்று 1,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கியபோதே நான் மகிழ்ந்தேன். எத்தனை ஆட்சி வந்து பார்த்துவிட்டுப் போன பாலம் அது!

கூட்டத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தந்தை மேடையைப் பார்க்கவே இல்லை. பாலத்தின் இக்கரை முனையில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இதிலைதான் உன்ரை அம்மம்மாவை இறக்கி வைச்சுப்போட்டு, மூச்சிருக்கோ எண்டு பாத்தனான்" என்றார். 2009 மேயில், போர் முடிந்த நாட்களில், அந்தப் பாலத்தைக் கடந்தவர்களுள் நாங்களும் இருந்தோம். பதினாறு ஆண்டுகளில் அவர் அதைச் சொன்னது அதுவே முதல்முறை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஆள் எப்பிடி?" என்று மேடையைக் கண்ணால் காட்டிக் கேட்டார். "பரவாயில்லை அப்பா" என்றேன்.

அதற்கு மேல் எனக்கு விடை இல்லாமலில்லை. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளருக்கும், நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அநுரவின் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கும், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கும் வாக்களித்தவன் நான். எட்டு மாதத்தில் மூன்று சின்னம். இதில் எதை என் கருத்து என்று எடுப்பீர்கள்?

இரணைமடு மூன்றாம் வாய்க்கால்

வட்டுவாகல் தம்பி, மூன்று சின்னத்துக்கு வாக்களித்ததைக் குழப்பம் போல எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலாவதாக வந்தார். அநுர நான்காம் இடத்தில் இருந்தார். இரண்டு மாதம் கழியவில்லை, அதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாக்கோடு முதலாவதாக வந்து, ஆறில் இரண்டு ஆசனத்தை எடுத்தது. நம்மவர்கள் பத்துப் பதினைந்து துண்டாக நின்றதால் கிடைத்த முதலிடம் அது. அதை வைத்து 'வன்னி மனம் மாறிவிட்டது' என்று கொழும்பில் எழுதியவர்களுக்கு மே மாதம் விடை கிடைத்தது. மனம் மாறவில்லை, வென்ற ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

என் அனுபவம் களத்துமேட்டில் நடந்தது. சிறுபோக நெல்லை ஏற்ற பொலன்னறுவையிலிருந்து ஒரு லொறி வந்தது. நாட்டு நெல் கிலோ 120 ரூபாய் என்று அரசாங்கம் பெப்ரவரியில் உத்தரவாத விலை அறிவித்தது, நீங்கள் எல்லாரும் அறிந்ததே. ஆனால் அந்த விலைக்கு நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறுவடை இயந்திரம் வெட்டிக் கொட்டிய நெல்லைக் காயவைக்க எனக்கு வீதியைத் தவிர வேறு தளம் இல்லை. எனவே தனியார் லொறி சொன்ன விலைக்குக் கொடுத்தேன்.

மூட்டை ஏற்றும்போது சாரதி, ஐம்பது வயதிருக்கும், உடைந்த தமிழில், "எப்படி, நம்ம சனாதிபதி நல்லம்தானே மல்லி?" என்று, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கேட்டார். நான் வழக்கம்போல் "நல்லம், நல்லம்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு தன் ஊரிலும் நெல்லுக்கு விலையில்லை, மின்கட்டணத்தைச் சனவரியில் 20 சதவீதம் குறைத்துவிட்டு யூனில் 15 சதவீதம் கூட்டினார்கள், மகனுக்கு இன்னும் வேலையில்லை என்று ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "ஆனா நாளைக்கு வோட் வெச்சா நான் அவருக்குத்தான்" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் திட்டித் தீர்த்துவிட்டு நம்புகிறார். நான் நல்லம் என்று சொல்லிவிட்டு நம்பாமல் இருக்கிறேன். மார்ச் 28 வர்த்தமானியில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரசுக்கு என்று வந்ததே, அன்று நான் உறுதியைத் தேடி மூன்று டிரங்குப் பெட்டி கிளறினேன். எதிர்ப்பும் வழக்கும் வந்த பின் அதை மீளப்பெற்றுக்கொண்டார்கள், உண்மை. ஆனால் கிளறிய பெட்டியை நான் இன்னும் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை. கணக்கெடுப்பில் சாரதியும் நானும் ஒரே கட்டத்துக்குள்தான் விழுவோம்.

பழைய புள்ளிவிபரக்காரன்

எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பிறகு எடுங்கள் என்றேன். பிறகு எடுக்கவில்லை. என் அனுபவம் இவ்வளவே.

ஆனால் இதை வாசிப்பவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, பத்திரிகையில் வரும் சதவீதம் பெரும்பாலும் அரசாங்கத்தைப் பற்றியது. ஜனாதிபதி என்ற ஆளைப் பற்றியதாக அதை வாசிக்காதீர்கள். வெரிட்டே ரிசர்ச் என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் நடத்தும் கணிப்பில் அரசாங்கத்தை ஏற்றோர் 2025 பெப்ரவரியில் 62 சதவீதம். ஜனாதிபதி கோட்டாபய ஆட்சியின் கடைசி நாட்களில், 2022 யூனில், அது 3 சதவீதம். பாதாளத்திலிருந்து பார்த்தால் மேடும் மலையாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, நாடு முழுவதற்கும் ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை கூடவோ குறையவோ 3 சதவீதம். அது நல்ல கணிப்புத்தான். அந்த ஆயிரத்தில் வன்னிக்கு எத்தனை பேர்? 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி 1,13,510, முல்லைத்தீவு 92,238, வவுனியா 1,72,115, மன்னார் 99,570. நான்கையும் கூட்டினால் நாட்டின் சனத்தொகையில் 2.3 சதவீதம். ஆயிரத்தில் இருபத்துமூன்று பேர். முல்லைத்தீவுக்கு மட்டும் என்றால் நான்கு பேர், தப்பினால் ஐந்து. அந்த நால்வரில் ஒருவர் கற்சிலைமடு சந்தித்த அம்மாவாக இருந்தால், மாவட்டத்தின் கால்வாசி அபிப்பிராயம் கச்சானோடு சேர்ந்து உடைந்துவிட்டது என்று பொருள். ஆகவே 'வடக்கில் இத்தனை வீதம்' என்று யாராவது எழுதினால், வடக்கில் தனியாக எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, கணிப்பாளர் வந்தால் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம், விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம், 'தெரியாது' என்பதும் ஒரு விடைதான். பொய்யான 'நல்லம்' சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். நான்காவது, கேள்வியைத் தமிழில் கேட்கிறார்களா, சிங்களத்திலிருந்து அந்த நேரத்தில் பெயர்க்கிறார்களா என்று கவனியுங்கள். 'ஏற்கிறேன்' என்பதற்கும் 'திருப்தி' என்பதற்கும் இடையில் ஒரு வாய்க்கால் அகலம் இருக்கிறது.

மன்னார் தரவை

பெரியவர் வகுப்பு எடுத்துவிட்டார், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். மன்னார்த் தீவில் காற்றாலை அமைப்பதற்கு எதிராக நாங்கள் வீதியில் நின்றபோது, ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு மாதத்துக்கு வேலையை நிறுத்துவதாக ஜனாதிபதி சொன்னார். அன்று என் பக்கத்தில் நின்ற கரைவலைச் சம்மாட்டி, "ஆள் கேட்டுட்டார் பாத்தியோ" என்று என் முதுகில் தட்டினார். செப்டெம்பர் கடைசியில் இரவில் பொலிஸ் காவலோடு கோபுர உதிரிகள் தீவுக்குள் வந்தன. அடுத்த நாள் கரையில் அவரைக் கண்டேன். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தோம். அவர் முதுகில் தட்டிய அந்த ஒரு மாதத்தில் அவரிடம் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பார்.

தண்ணீரூற்று ஆசிரியை

இரணைமடு அண்ணா, நம்பாமல் நல்லம் என்கிறோம் என்று எல்லாருக்குமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு கடைக்காரர் இருக்கிறார், உண்மையாகவே நம்புகிறவர். லஞ்சம் வாங்கப் பயப்படுகிறார்கள், அஸ்வெசும உதவிப்பணம் 8,500 ரூபாயிலிருந்து 10,000 ஆகியிருக்கிறது, முன்னாள் ஜனாதிபதிகளின் வசதிகளை வெட்டியிருக்கிறார் என்று விரல் மடக்கிச் சொல்வார். கண்ணாடி அலுமாரியில் திசைகாட்டி ஒட்டி இன்னும் உரிக்காமல் இருக்கிறது.

முத்தையன்கட்டுக் குளத்தில் இளைஞர் ஒருவரின் உடல் எடுக்கப்பட்டதை அடுத்து ஆகஸ்ட் 18 அன்று வடக்கு கிழக்கில் கதவடைப்பு நடந்தது. பால்மா முடிந்துபோய், பக்கக் கதவையாவது தட்டிப் பார்ப்போம் என்று போனேன். முன்கதவு, பக்கக்கதவு இரண்டும் பூட்டு. அவர் உள்ளேயிருந்து யன்னலால் மாப்பெட்டியை நீட்டினார். "நீங்கள் அவற்றை ஆளல்லோ, கடையைப் பூட்டியிருக்கிறியள்?" என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவருக்கு ஆதரவு எண்டுறது வேறை ரீச்சர். இது பெடியன்ரை செத்தவீடு" என்று சொல்லிக் காசை வாங்காமல் யன்னலைச் சாத்தினார்.

அது கிடக்கட்டும். கற்சிலைமடுத் தம்பி, எல்லாரும் கணக்குப் பார்க்கிறோம், முக்கியமானதை ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லட்டே என்று கேட்ட அந்த அம்மா பிறகு என்ன சொன்னார்?

கற்சிலைமடு

எழுதுவதா விடுவதா என்று யோசித்துத்தான் அதை விட்டேன், ரீச்சர்.

நான் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "சொல்லுங்கோ அம்மா" என்றேன். அவர் கச்சான் கோதுகளைச் சுளகில் ஒதுக்கிக்கொண்டே சொன்னார். "முந்தியெல்லாம் மாசத்துக்கொருக்கா ஆரும் வந்து விசாரிப்பாங்கள். மகன் எங்கை, ஆரோடை இருந்தவன், நீங்கள் ஏன் போராட்டத்துக்குப் போறியள் எண்டு. பயமாத்தான் இருக்கும். இவர் வந்தாப் பிறகு அது குறைஞ்சுபோச்சு. நிம்மதிதான், இல்லையெண்டு சொல்லேல்லை."

சுளகை ஒருமுறை புடைத்தார்.

"ஆனா தம்பி, அவங்களாவது என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லிக் கேட்டவங்கள். இப்ப ஒருத்தரும் கேக்கிறேல்லை. இது நல்லமோ கெட்டதோ, நீங்களே பாத்துப் போடுங்கோ."

டப்பில் அப்படி ஒரு கட்டம் இல்லை. அவருடைய மகனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அங்கிருந்து வந்தேன்.