லெகோ கட்டைகளால் கொள்ளையர் கப்பல்: அணியம் வளையவில்லை, உடல் நடுவில் பிளக்கிறது

கேள்வி: கடலோரம், வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். கடையில் பெட்டியாக விற்கும் கப்பலை வாங்காமல், கையில் உள்ள கட்டைகளைக் கொண்டே, 1700களின் தொடக்கத்தில் கரீபியன் கடலில் ஓடியதைப் போன்ற மூன்று பாய்மரக் கொள்ளையர் கப்பல் ஒன்றை நானும் என்னுடைய பதினொரு வயது மகளும் ஐந்து மாதங்களாகக் கட்டி வருகிறோம். கட்டைகளில் பெரும்பகுதி ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் தன் பிள்ளைகள் வளர்ந்த பின் பயணப் பையில் கொண்டுவந்து தந்தவை. மீதி, புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் வாங்கிய, அதே அளவில் வேறு நிறுவனங்கள் செய்யும் கட்டைகள்.

சிறு மனிதப் பொம்மையின் உயரம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் என்பதால் 42இல் ஒன்று என்ற அளவை எடுத்துக்கொண்டோம். 100 அடி நீளமான கப்பலுக்கு அது ஏறத்தாழ 72 சென்ரிமீற்றர் வருகிறது. கட்டையின் மேல் துருத்தி நிற்கும் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடையில் 8 மில்லிமீற்றர் என்பதால் நீளம் 90 குமிழ், அகலம் 22 குமிழ் என்று வரைந்தோம்.

இதுவரை மூன்று தடவை கட்டிப் பிரித்துவிட்டோம். அணியம், அதாவது கப்பலின் முன்பகுதி, படிக்கட்டைப் போல வருகிறதே தவிர வளைவாக வருவதில்லை. இரண்டு முனைகளிலும் பிடித்துத் தூக்கினால் உடல் சரி நடுவில் பிளக்கிறது. பாய்மரங்களும் நேராக நிற்பதில்லை. எங்கள் வீடு கரையோர ரயில் பாதைக்கு அருகில் இருப்பதால், ரயில் கடந்து போகும் ஒவ்வொரு தடவையும் நடுப் பாய்மரத்தின் உச்சி நடுங்குவதைக் கண்ணால் காணலாம். கப்பலின் பின்பகுதியில் பொன்னிறச் சிற்பங்களும் மூன்று வரிசை யன்னல்களும் வேண்டும் என்று மகள் விரும்புகிறாள். அனுபவம் உள்ளவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: வல்வை ஓடாவி பேரன், தெகிவளை

வணக்கம் தம்பி. நீங்கள் கப்பலை வெளியிலிருந்து உள்ளே கட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று குறைகளுக்கும் காரணம் அதுதான்.

வல்வெட்டித்துறையில் என் பாட்டனார் கப்பல் கட்டும் ஓடாவியாக இருந்தவர். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்த அன்னபூரணி எங்கள் ஊரில் கட்டிய கப்பல் என்பதைப் படித்திருப்பீர்கள். அடியில் ஏரா என்ற முதுகெலும்பு மரம், ஏராவின் மேல் வங்கு என்ற விலாச் சட்டம், வங்கின் மேல் பலகை என்று பாட்டனார் விரல் மடித்துச் சொல்லுவார். பலகை கப்பலுக்குத் தோல், எலும்பு அதற்கு முன்னமே நின்றுவிட வேண்டும் என்பது அவருடைய பேச்சு. பிளாஸ்டிக் கட்டையிலும் அதை மாற்ற எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

முதலில் ஏரா. துளையுள்ள 16 குமிழ் நீள டெக்னிக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் பிளேட் என்ற மெல்லிய தட்டைக் கட்டைகளை இரண்டு தடிப்புக்கு அடுக்கி, அதன்மேல் இன்னொரு வரிசை டெக்னிக் கட்டைகளை வையுங்கள். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர், ஒரு பிளேட்டின் உயரம் 3.2 மில்லிமீற்றர். ஆகவே ஒரு கட்டையும் இரண்டு பிளேட்டும் சேர்ந்தால் சரியாக 16 மில்லிமீற்றர், அதாவது இரண்டு குமிழின் நீளம். அதனால் மேல் வரிசைத் துளையும் கீழ் வரிசைத் துளையும், நிமிர்த்தி வைத்த ஒரு டெக்னிக் சட்டத்தின் துளைகளோடு மயிரிழை பிசகாமல் பொருந்தும். அந்தச் சட்டத்தை இரண்டு வரிசைக்கும் குறுக்கே வைத்து, இறுக்கமான கறுப்புப் பின்களால் பூட்டுங்கள். குமிழின் பிடி மேல்நோக்கி இழுத்தால் விட்டுவிடும். பின்களால் பூட்டிய சட்டம் விடாது. இன்னொன்று, மேல் வரிசையின் மூட்டு கீழ் வரிசையின் மூட்டுக்கு நேர் மேலே வரவே கூடாது. மேசன் செங்கல் வைக்கும்போது செய்வதுதான் இது. உங்கள் உடல் சரி நடுவில் பிளக்கிறது என்றால் அங்கே மூட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று பந்தயம் கட்டுவேன்.

ஏராவின் மேல் எட்டுக் குமிழுக்கு ஒன்றாக வங்குகளை நிறுத்துங்கள். பக்கச் சுவர்களைத் தனித் தனிப் பலகங்களாக மேசையில் கட்டி, பிணைச்சல் துண்டுகளால் வங்குகளில் தொங்கவிடுங்கள். நீர்மட்டத்துக்கு அருகில் கப்பல் மிக அகலமாக இருந்து, மேலே போகப் போகப் பக்கங்கள் உள்நோக்கிச் சாயும். அந்தச் சாய்வு இல்லாத மாதிரிக் கப்பல் எனக்கு எப்போதும் பெட்டகம் போலவே தெரியும். பலகம் தனியாக இருந்தால் கீழ்ப் பலகத்தை வெளியே சாய்த்து, மேல் பலகத்தை உள்ளே சாய்க்கலாம்.

அணியத்துக்கு வருகிறேன். பிணைச்சலில் திருப்பிய பலகத்தின் மறு முனை மீண்டும் குமிழில் சரியாக உட்கார வேண்டுமானால், பாடசாலையில் படித்த செங்கோண முக்கோணம் உதவும். 5, 12, 13 என்ற கணக்கில், 13 குமிழ் நீளமான பலகம் 12 குமிழ் முன்னே போகும்போது 5 குமிழ் உள்ளே வந்துவிடும். அதன் முனையில் 3, 4, 5 என்ற கணக்கில் இன்னொரு பலகத்தைப் பூட்டினால், அந்த 5 குமிழ்ப் பலகம் 3 குமிழ் முன்னே போய் 4 குமிழ் உள்ளே வரும். ஒரு பக்கத்துக்கு 9, இரு பக்கத்துக்கும் 18. உங்களுடைய அகலம் 22 என்பதால் முகப்பில் சரியாக 4 குமிழ் மிஞ்சும். அது முன் தண்டுக்குப் போதும். இரண்டு பலகங்களுக்கு இடையே தெரியும் முறிவை வளைவான சரிவுத் துண்டுகளால் மூடிவிடலாம். எந்தக் கட்டையையும் வளைத்தோ அழுத்தியோ பொருத்தாதீர்கள். அழுத்தத்தில் நிற்கும் துண்டு ஒரு நாள் வெடிக்கும்.

பாய்மரத்தைத் தளத்தில் நடாமல், தளத்தைத் துளைத்து ஏரா வரை இறக்குங்கள். 32 குமிழ் நீளமான அச்சுக் கோல் ஒன்றில் இரண்டுக்கு இரண்டு வட்டக் கட்டைகளைக் கோர்த்தால் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் உயரம் ஒரே துண்டாக வரும். அதற்கு மேல் மெல்லிய துண்டு ஒன்றைப் பூட்டுங்கள். உண்மைக் கப்பலிலும் பெரிய பாய்மரம் ஒரே மரமாக இருந்ததில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிய துண்டுகளாகவே இருந்தது. எனவே மூட்டு தெரிந்தால் குறையில்லை.

பதில் 2: தையல்காரி, கொட்டாஞ்சேனை

ஐயா சொன்ன கணக்குக்கு மேல் எனக்குத் தெரியாது. பாயும் கயிறும் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல உடலைக் கட்டிவிட்டுக் கடதாசிப் பாய் மாட்டியவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பழைய பருத்தி வேட்டி ஒன்றை எடுங்கள். பல தடவை துவைத்து இழை மெலிந்த வேட்டியே இந்த அளவுக்குப் பொருந்தும். புதுத் துணியின் இழை, பொம்மைக்குப் பக்கத்தில் சாக்குப் போலத் தெரியும். தேயிலைத் தூளை நன்றாகக் கொதிக்கவைத்து வடித்த சாயத்தில் கால் மணி நேரம் ஊறவைத்தால், மழையும் உப்பும் பட்ட பாயின் நிறம் வரும். பிழியாமல் நிழலில் காயவிடுங்கள், சுருக்கம் விழுந்த இடத்தில் சாயம் திட்டாகத் தங்கும், அந்தத் திட்டுத்தான் அழகு. நான்கு ஓரத்தையும் மடித்துத் தைத்து, உட்பக்கம் மெல்லிய நூல்கோடுகளை நிரை நிரையாக ஓட்டுங்கள். பாய் என்பது ஒரே துணி அல்ல, நீளத் துண்டுகளைப் பொருத்தித் தைத்தது. காற்று நிரம்பிய வயிறு வரவேண்டுமானால், துணியை வெள்ளைப் பசையும் தண்ணீரும் கலந்த நீரில் நனைத்து, பெரிய சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து அதன்மேல் காயவையுங்கள். சோற்றுக் கஞ்சி போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள். கொழும்பின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சியும் அரிக்கும். என் முதல் பாய்கள் இரண்டும் ஒரு மழைக்காலத்துக்குள் அப்படித்தான் போயின.

கயிற்றுக்குப் பருத்தி நூல் வேண்டாம். அது ஈரத்துக்கு ஒரு நீளமும் வெயிலுக்கு ஒரு நீளமுமாக மாறும். பொலியெஸ்டர் நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்தால் பிசிறு அடங்கிவிடும். பாய்மரத்தைப் பிடிக்கும் பக்கக் கயிறுகளை ஒரு பக்கம் முழுவதும் கட்டி முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறிக் கட்டுங்கள். உங்கள் பாய்மரம் சாய்வதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பதில் 3: பழைய வரைபடம், பம்பலப்பிட்டி

மகளின் பொன்னிறச் சிற்பங்களைப் பற்றி ஒரு சொல். அத்தகைய உயர்ந்த, அலங்கரித்த பின்பகுதி அரச கடற்படைக் கப்பல்களுக்கு உரியது. கொள்ளையர் கப்பல் கட்டியவர்கள் அல்லர், கைப்பற்றியவர்கள். கருந்தாடி என்று அறியப்பட்ட எட்வர்ட் டீச்சின் பெயர்பெற்ற கப்பலான குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச், 1717 நவம்பரில் மார்ட்டினிக் தீவுக்கு அருகில் பிடிபடும் வரை லா கொன்கோர்ட் என்ற பிரெஞ்சு அடிமை வணிகக் கப்பலாக இருந்தது. அவர் அதில் 40 பீரங்கிகள் வரை ஏற்றினார். 1718இல் வட கரோலினாவின் பியூஃபோர்ட் கடல்வாயிலில் தரைதட்டிய அந்தக் கப்பலின் சிதைவு 1996இல் கண்டறியப்பட்டது. 1717 ஏப்ரலில் அமெரிக்காவின் கேப் கொட் கரைக்கு அப்பால் புயலில் மூழ்கி, 1984இல் கண்டெடுக்கப்பட்ட விடா என்ற கொள்ளையர் கப்பலும் அடிமைகளை ஏற்றுவதற்காகவே கட்டப்பட்டது. கீழ்த்தளத்தைக் கட்டும்போது, அந்த இடத்தில் யார் விலங்கோடு கிடந்தார்கள் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பதினொரு வயது அதைத் தாங்கும் வயதுதான்.

கட்டுபவருக்கு இதில் வசதியும் உண்டு. கைப்பற்றிய கப்பலில் கொள்ளையர் தளத்துக்கு மேலிருந்த அறைகளையும் தடுப்புகளையும் வெட்டி எறிந்து, சண்டைக்கு வசதியாகத் தளத்தைத் திறந்துவிடுவது வழக்கம். ஆகவே பின்பகுதியைத் தாழ்வாக வைக்கலாம், எடையும் குறையும். பீரங்கிகளும் ஒரே வார்ப்பாக இருக்கத் தேவையில்லை. கருந்தாடியின் கப்பலிலிருந்து எடுத்தவை வெவ்வேறு நாடுகளில் வார்த்தவை, அளவிலும் வேறுபட்டவை. உங்களிடம் ஒரே மாதிரிப் பீரங்கித் துண்டு போதாவிட்டால், இரண்டு மூன்று வகை கலந்து வைப்பதே வரலாற்றுக்கு நெருக்கமானது. பீரங்கி வாயில்களை மட்டும் இரண்டு வங்குகளுக்கு இடையில் வருமாறு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய மரக்கப்பலின் பொருட்களைக் கண்ணால் காண விரும்பினால், மகளைக் காலிக்கு அழைத்துச் செல்லுங்கள். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தர் கப்பலிலிருந்து எடுத்தவை அங்கே கோட்டைக்குள் இருக்கும் கடல்சார் தொல்பொருள் நூதனசாலையில் உள்ளன.

பதில் 4: கட்டை சேகரிப்பவன், கொழும்பு 6

கலப்புக் கட்டைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மலிவான கட்டைகள் வெளியில் தெரியாதபடி உள்ளே போகட்டும் என்று பலரும் நினைப்பார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் செய்வேன். பிடி தளர்ந்த கட்டை ஏராவில் இருந்தால், அதைச் சரிசெய்ய முழுக் கப்பலையும் பிரிக்க வேண்டும். அதே கட்டை தளத்தில் கிடக்கும் பீப்பாயாகவோ தாங்கு மேடையாகவோ இருந்தால் இரண்டு விரலால் மாற்றிவிடலாம். மச்சான் தந்தவற்றை எலும்புக்கு வையுங்கள்.

நீங்கள் கடற்கரைப் பக்கம் இருப்பதால், உப்புக் காற்றோடு வரும் தூசி ஒட்டும் தன்மையோடு படியும். கண்ணாடிக் கதவு உள்ள அலுமாரிதான் சரி. மேற்கு யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், பின்னேர வெயிலில் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாகும். கழுவ நேர்ந்தால் 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரும் சிறிது சவர்க்காரமும் போதும், வெயிலில் காயவிட வேண்டாம்.

கேட்டவரின் பதில்: கடலோரம், வெள்ளவத்தை

அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை பழைய உடலைப் பிரித்தோம். ஐயா சொன்னது சரி, நடுவில் ஐந்து வரிசை மூட்டுகள் ஒரே கோட்டில் நின்றன.

ஏராவை மட்டும் மீண்டும் கட்டி, இரண்டு கதிரைகளுக்கு நடுவில் பாலம் போல வைத்து, இரண்டு கிலோ சீனிப் பொதியை மேலே ஏற்றினோம். மகள் தன் அடிக்கோலை அடியில் பிடித்துப் பார்த்தாள், இடைவெளி தெரியவில்லை. அணியப் பலகம் முதலில் அரைக் குமிழ் தள்ளி நின்றது. குமிழ்களை எண்ணியதுதான் பிழை என்று பிறகு விளங்கியது. ஒரு பிணைச்சலின் சுழலும் அச்சிலிருந்து, பலகத்தின் மறு முனை உட்காரும் குமிழின் மையம் வரை அளந்து 13 வைத்தபோது, அழுத்தாமலே சட்டென்று உட்கார்ந்தது. இதைச் செய்யப் போகிறவர்கள் அந்த அச்சை மறக்க வேண்டாம்.

பின்பகுதியைப் பற்றி மகளோடு பேசினேன். அடிமைக் கப்பல் என்பதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, பொன்னிறம் வேண்டாம், ஒரு வரிசை யன்னல் போதும், ஆனால் கீழ்த்தளத்தைப் பார்க்கும்படி ஒரு பக்கப் பலகத்தைத் திறக்கக்கூடியதாக வைக்கவேண்டும் என்றாள். பிணைச்சலில் தொங்கும் பலகம் என்பதால் அது முடியும். வரும் போயா விடுமுறையில் வங்குகளை நிறுத்தத் தொடங்குகிறோம். வேட்டி தேயிலைச் சாயத்தில் ஊறிக் காய்ந்து, கொடியில் தொங்குகிறது.