ஜூம் வகுப்பில் இதயப் படம் மங்கலாகத் தெரிகிறது: உதவுங்கள்

அறிவியல் டீச்சர்: வணக்கம். பத்தாம் வகுப்பு, தமிழ்வழி. பவர்பாயிண்டில் இதயத்தின் உள்ளமைப்புப் படத்தை வைத்து ஜூமில் ஸ்க்ரீன் ஷேர் செய்கிறேன். என் லேப்டாப்பில் பளிச்சென்று இருக்கிறது. பிள்ளைகளுக்கோ மங்கல், பெயர்களைப் படிக்கவே முடியவில்லையாம். பெரும்பாலோர் போனில்தான் பார்க்கிறார்கள். படம் ஜேபெக், எழுத்து அளவு 12, மொத்தம் 14 பாகங்கள். நெட் வேகம்தான் காரணமா?

பிக்சல்: நெட்டும் காரணமாக இருக்கலாம் டீச்சர். அதற்கு முன், ஷேர் செய்யும் பெட்டியில் 'ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். வீடியோ காட்டும்போது போட்ட டிக் அப்படியே நின்றிருக்கலாம். அசைவு சீராக ஓடுவதற்காக அது கூர்மையைக் குறைத்துவிடும். அசையாத படத்துக்கு அது கூடவே கூடாது.

அடுத்தது எழுத்து அளவு. ஸ்லைடின் அகலம் சுமார் 34 செ.மீ. 6.5 அங்குல போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் அதே ஸ்லைடு ஏறக்குறைய 12 செ.மீ.க்குள் அடங்கும். உங்கள் 12 அங்கே 4 ஆகிவிடுகிறது. படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதைப் படிக்க முடியாது. 28 வையுங்கள், போனில் 10 கிடைக்கும். நிமிர்த்திப் பிடித்தால் அதுவும் 6க்குக் கீழே போய்விடும், அதனால் போனைப் படுக்கவைக்கச் சொல்லிவிடுங்கள்.

அறிவியல் டீச்சர்: டிக் இருந்தது, எடுத்துவிட்டேன். நல்ல மாற்றம், நன்றி. ஆனால் 28இல் 14 பெயர்களுக்கு இடமில்லையே. எண் போட்டுக் கீழே பட்டியல் தரலாமா?

சிவப்புமை: வேண்டாம் டீச்சர். கண் படத்துக்கும் பட்டியலுக்கும் அலைந்தால் மனம் பாடத்தில் நிற்காது. பெயர் அந்தப் பாகத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதை கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளும் சொல்கின்றன. இரத்தம் போகும் வழியிலேயே மூன்று ஸ்லைடுகளாகப் பிரியுங்கள்:

முதலில் வலப்பக்கம்: மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஏட்ரியம், மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் அரைச்சந்திர வால்வு, நுரையீரல் தமனி. அடுத்து இடப்பக்கம்: நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி அரைச்சந்திர வால்வு, பெருந்தமனி. மூன்றாவதில் நடுவிலுள்ள இடைச்சுவர் மட்டும். அதில் இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பேச இடம் கிடைக்கும்.

இதயத்தின் வலப்பக்கம் படத்தில் நமக்கு இடக்கைப் பக்கம் வரும். பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான், முதல் ஸ்லைடிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

பிக்சல்: பெயர்கள் படத்துக்குள்ளேயே பதிந்திருந்தால் அவற்றை நீக்கிவிட்டு டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதுங்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதிலிருந்து பாகத்துக்கு ஒரு கோடு. ஜேபெக் வண்ண விவரத்தைப் பெரும்பாலும் குறைத்தே சேமிக்கும். இளஞ்சிவப்புத் தசைமேல் சிவப்பு எழுத்து கசிவது அதனால்தான். கோட்டுப்படத்துக்கு பிஎன்ஜி வகைக் கோப்பு நல்லது. பவர்பாயிண்ட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு போய் 'டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்' டிக் செய்துவிட்டுப் படத்தைப் புதிதாகச் சேருங்கள். முன்பே சுருங்கிய படம் அதனால் தெளியாது.

அறிவியல் டீச்சர்: வகுப்பு முடிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அதற்கு?

சிவப்புமை: பிடிஎஃப் ஆக்கி 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் மறுபடி சுருக்கும். பவர்பாயிண்ட் கோப்பாகவே அனுப்பினால், நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு அவர்கள் போனில் இல்லாதபோது வரிகள் இடம் மாறி, கோடு ஒரு பக்கம் பெயர் ஒரு பக்கம் நிற்கும்.