திருத்தம் வராத பதிப்புக்குத் தமிழில் என்ன?

வெள்ளவத்தையிலிருந்து:
பழைய ஸ்மார்ட்போன், கணினி வைத்திருப்பவர்களுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு மென்பொருள் பதிப்புக்கு நிறுவனம் இனித் திருத்தம் அனுப்பாது என்ற நிலையை 'ஆதரவு முடிவு' என்று எழுதினேன். சரிபார்த்தவர் "எந்தக் கட்சிக்கு?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

பம்பலப்பிட்டி:
காலாவதி. பிஸ்கட் பக்கற்றிலேயே இருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை:
தம்பி, காலத்தையாவது தமிழ் என்று வாதாடலாம், அவதி அப்பட்டமான வடமொழி. (இங்கே எல்லை என்று பொருள், துன்பம் அல்ல.) 'கெடுங்காலைக் கைவிடுவார்' என்று வள்ளுவர் தந்த வினை இருக்க, கடன் எதற்கு? 'கைவிடு பதிப்பு' என்க. வினைத்தொகை, ஊறுகாய் போல.

தெஹிவளை:
ஐயா, அந்த வினைத்தொகைதான் சிக்கல். கைவிட்டதா, கைவிடுகிறதா, இனித்தான் கைவிடுமா? மூன்று காலத்துக்கும் பொருந்தும் சொல்லை வைத்துக்கொண்டு வாசகர் போனை மாற்றுவதா வேண்டாமா என்று எப்படி முடிவெடுப்பார்?

காலாவதியும் சரிவராது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14 கடைசி நாள் என்றார்கள், ஆனால் பதிந்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தம் அதற்குப் பிறகும் வருகிறது. திகதி தாண்டியும் நீடித்த பிஸ்கட் உண்டா?

நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் குழம்புவது வேறு இடத்தில். அன்ட்ராய்ட் 4.4 போனில் இன்னும் படம் எடுக்கலாம், பாட்டுக் கேட்கலாம், வட்ஸ்அப் மட்டும் 2025 ஜனவரியோடு நின்றுவிட்டது. அது செயலிக்காரர் எடுத்த முடிவு. பணிசெயல் முறைமைக்கு, அதாவது போனையே இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, கூகுள் திருத்தம் அனுப்பாமல் விட்டது அதற்கு எவ்வளவோ முன்னால் நடந்த வேறு விஷயம், அதுதான் ஆபத்தும், ஏனென்றால் புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டை அடைபடாமலே கிடக்கும், போன் வழக்கம்போல ஓடுவதால் நமக்குத் தெரியவும் தெரியாது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

பம்பலப்பிட்டி:
லிபர்ட்டி பிளாசா போன் கடைகளில் "இதுக்கு இனி அப்டேட் வராது" என்கிறார்கள். அதுவே போதாதா?

கொட்டாஞ்சேனை:
அப்டேட் என்று அச்சிடப் போகிறோமா? அதற்கு ஈடான 'இற்றை' என்ற அழகான சொல்லுக்கு இதே குழுவில் எத்தனை மடல் எழுதினோம்!

வெள்ளவத்தையிலிருந்து:
சரி, நேரமில்லை. முறைமைக்கு 'திருத்தம் நிறுத்தம்', செயலிக்கு 'இந்தப் பதிப்பில் இயங்காது'. நாலு பேர் சரி என்றிருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை:
'திருத்தம் நிறுத்தம்' என்று இரண்டு பெயரை வெறுமனே அடுக்கினால் அது சொல்லாகிவிடாது. குறைந்தது 'திருத்த நிறுத்தம்' என்றாவது போடுங்கள். கைவிடலை நான் கைவிடவில்லை.